முதல் ஷிப்டுக்குப் போகிற ரயில்

ரயில்வே சர்வே பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நிவேதிதா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "மேடம், கிருஷ்ணகிரி பழைய லைனை மறுபடி அளக்கச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை ட்ரோன். நீங்க நடந்தே அளந்த லைன்தானே? ஒருநாள் கூட வந்து காட்டுங்களேன்."

"என் முழங்காலுக்கும் ஒரு ட்ரோன் இருக்கா?" என்று கேட்டேன்.

"கார் அனுப்பறேன் மேடம்" என்று சிரித்தாள். அவள் சிரிப்புக்காகவே சரி என்றேன். போவதற்கு முன்னால் பழையதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டால் வழியில் உளறாமல் இருக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதி எழுதினேன். மீதியைப் போய் வந்த பிறகுதான் எழுத முடிந்தது.

கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஆனால் ஊருக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து குறுகிய தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். பாதை போட்ட மண்மேடு மட்டும் அங்கங்கே மிஞ்சியது. அதற்குப் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் 'ரயில் மேடு' என்றுதான் பெயர். ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் ரயில் மேட்டில் ஆடு மேய்ப்பார்கள். சில மாட்டுக் கொட்டகைகளில் பழைய தண்டவாளத் துண்டு உத்திரமாகக் கிடக்கும். அதை நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிடுவோம்.

இந்த மேட்டைத் தூசு தட்டி, மறுபடி தண்டவாளம் போட்டு, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை நீட்ட முடியுமா என்று அளந்து பார்ப்பதுதான் எங்களுக்கு வந்த உத்தரவு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாவட்டத்தில் பாதி வீட்டுக்குச் சோறு போடுவது ஓசூர் கம்பெனிகள். சூரியன் எழுவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். பஸ்ஸை விட்டவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சூளகிரி தாண்டிப் பறக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. அப்பா தண்டவாளப் பராமரிப்பில் கேங்மேனாக இருந்து பணியிலேயே இறந்துபோனார். அதற்காக எனக்கு ஆபீசில் ஒரு வேலை கொடுத்தார்கள், டிரேசராக. மேஜை மேல் கவிழ்ந்து, பிறர் அளந்து கொண்டுவந்த கோடுகளை மசியில் எடுத்து வரைவேன். கோடு தப்பினால் பிளேடால் சுரண்டுவேன். வருஷக்கணக்கில் சுரண்டி அலுத்துப்போய், எனக்கும் வெளிவேலை கொடுங்கள் என்று கேட்டேன். "பொம்பளைக்கு வெயில் ஒத்துக்காது" என்றார் ஒருவர். "நாத்து நடறது யாருங்க?" என்றேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கினேன், ஆனால் வெளிவேலையும் வாங்கிவிட்டேன்.

அங்கேதான் சென்னகேசவலு சாரிடம் வந்து சேர்ந்தேன். குப்பம் பக்கத்துக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். எந்த மொழியில் பேசினாலும் கடைசியில், நம் 'இல்லையா' மாதிரி, தெலுங்கு 'கதா' ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆள் ஒல்லி. வெயிலுக்கு ஒரு பனியோலைத் தொப்பி. அதைக் கேலி செய்யாத ஆள் ஆபீசில் கிடையாது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுப் பக்கம் கோடு போகிறதோ, அந்த வீட்டில் முதலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குடித்து முடித்துச் சொம்பைக் கையில் கொடுத்த பிறகுதான் பையைத் திறக்க விடுவார். ஒருநாள் நான் அவசரப்பட்டு டேப்பை விரித்துவிட்டேன்.

"வசந்தா, மடக்கு" என்றார்.

"தண்ணி நம்ம கேன்லயே இருக்கே சார்."

"அது நம்ம தண்ணி கதா. அவங்க ஊட்டுத் தண்ணி வயித்துல இருந்தா, அவங்க ஊட்ட அளக்கறப்ப கை கொஞ்சம் பயப்படும்."

'ஆக்கிரமிப்பு' என்ற சொல் அவருக்கு ஆகாது. மேட்டின் மேல் குடிசை இருந்தால் அறிக்கையில் 'குடியிருப்பவர்' என்றுதான் எழுதச் சொல்வார். மேலே இருப்பவர்கள் அதை அடித்துத் திருத்துவார்கள். அடுத்த அறிக்கையிலும் அவர் அப்படியே எழுதுவார். இரண்டு பக்கமும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அது ஒரு விளையாட்டு மாதிரி நடந்துகொண்டே இருந்தது.

சர்வே என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கவேண்டாம். மூன்று கால் மேல் ஒரு கருவி. தூரத்தில் ஒரு கலாசி கண்ணாடி மாட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உதவியாளருக்கு எங்கள் துறையில் கலாசி என்று பெயர். கருவி வழியே பார்த்து, பாதையின் நடுக்கோடு எங்கே விழுகிறதோ அங்கே வெள்ளையடித்த மர முளையை அடித்துக்கொண்டே போக வேண்டும். பாறை குறுக்கே வரும், கிணறு வரும், கோயில் வரும். ரயில் நம்மைப் போல சட்டென்று ஒதுங்கிப் போகாது. ஓர் இடத்தில் கோட்டை விலக்கினால் அதற்கு முன்னும் பின்னும் நெடுந்தூரம் வளைத்துக்கொண்டு வர வேண்டும்.

ஒரு ஊரில் அந்தக் கருவியை கேமரா என்று நினைத்துவிட்டார்கள். கலாசி கோலோடு நின்ற இடத்தில், பத்து நிமிஷத்தில், பெண்கள் பட்டுச் சேலை மாற்றிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். "இது போட்டோ பெட்டி இல்லம்மா" என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். சென்னகேசவலு சார் என்னைத் தடுத்து, தன் சொந்த போனை எடுத்து எல்லோரையும் படம் பிடித்தார். அடுத்த வாரம் டவுனில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தும் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் எங்கள் முளை ஒன்றைக்கூட யாரும் பிடுங்கவில்லை. மற்ற ஊர்களில் பிடுங்கி அடுப்பெரித்துவிடுவார்கள்.

இனி திம்மராயன் வீட்டுக் கதை. இதைச் சொல்லத்தான் சுற்றி வளைத்தேன்.

கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் கிழக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். ரயில் மேடு அங்கே நல்ல உயரமாக, உடையாமல் நின்றது. எங்களுக்கு ஒரே குஷி. வடக்கே ஒட்டினாற்போல் பெரிய பாறைக்குன்று. தெற்கே திம்மராயனின் கொல்லை. சில மாமரங்கள், கொஞ்சம் கேழ்வரகு, தக்காளி, நடுவே ஒரு போர்க்கிணறு. வீட்டில் அவர், அவர் மனைவி முனியம்மா, பள்ளிக்கூடம் போகிற மகள் சத்யா. முனியம்மா தண்ணீர் கொடுத்தார். சார் குடித்தார். நாங்கள் மேட்டில் ஏறினோம்.

மேட்டின் மேல் ஒரு சமாதி இருந்தது. செங்கல் வைத்துப் பூசி வெள்ளையடித்தது. திம்மராயன் மகன் என்று பூச்சில் கீறியிருந்தது. தலைமாட்டில் ஒரு துளசிச் செடி. அன்றைக்குப் பறித்த சாமந்திப் பூ. இந்தப் பக்கத்தில் குடும்பத்தில் இறந்தவர்களைச் சொந்தக் கொல்லையிலேயே புதைப்பது வழக்கம். மேடும் தாத்தா காலத்திலிருந்து தங்களுடையதுதான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்காத உயரமான இடம் என்று தேடிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பதிவின்படி அது இன்னும் ரயில்வே நிலம்.

நான் கருவியில் கண் வைத்துப் பார்த்தேன். அடுத்த முளை விழவேண்டிய இடம் சரியாகச் சமாதியின் மேல். ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுச் சாரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார், சமாதிப் பக்கம் போய்ச் சும்மா நின்றார்.

கலாசி மெதுவாக, "சார், மேடு நம்ம நெலம்தானே. கேட்கவே வேண்டியதில்லையே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அதுதான்.

"நெலம் நம்முதுதான்" என்றார் சார். "படுத்திருக்கறது அவங்க புள்ள கதா. இங்க அடிக்காத. ரெண்டு பக்கமும் தள்ளி ஒவ்வொண்ணு அடி. நடுவுல இருக்கறத வசந்தா கணக்குல எடுத்துக்குவா."

அப்படிச் செய்யலாம். நேராக அடிக்க முடியாத புள்ளியைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். கிணற்றுக்கும் குளத்துக்கும் செய்வோம். ஒரு சமாதிக்காகச் செய்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் திம்மராயன் மண்வெட்டியோடு மேட்டில் ஏறி வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. வேலையை விட்டு அப்படியே வந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார், முளைகளைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சார் எதையும் மறைக்கவில்லை. பாதை இப்படி வருகிறது, இது வெறும் அளவுதான், ரயில் வரும் வராது என்று எனக்கே தெரியாது, வந்தால் இந்த இடம் போகும், வடக்கே பாறை இருப்பதால் தெற்கேதான் விலக்க முடியும், விலக்கினால் உங்கள் போரும் பாதி நிலமும் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நெலத்த எடுத்துக்கங்க சாமி" என்றார் திம்மராயன் உடனே. "போரையும் எடுத்துக்கங்க. அவன மட்டும் வுட்டுடுங்க."

பின்னால் ஏறி வந்த முனியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"எடுத்துக்கங்களா? போரு போனா களிக்கு என்னா பண்ணுவ? ஊட்டுல ஒருத்தி இருக்கறாளே, அவளுக்கு என்னாத்த வெச்சிருக்க?"

"அவன எப்பிடிடி தோண்டச் சொல்ற?"

"தோண்டச் சொல்லல. செத்தவனுக்கு எடம் வேணும்னா இருக்கறவளுக்கு வேணாமான்னு கேக்கறன்."

இரண்டு பேரும் எங்களுக்கு முன்னாலேயே கத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நான் யார் பக்கம் பேசுவது? சென்னகேசவலு சார் அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தரையில் உட்கார்ந்ததைப் பார்த்துத் திகைத்துப்போய் அவர்களும் நிறுத்தினார்கள்.

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க" என்றார். "நான் இன்னிக்கு எதுவும் எழுதப் போறதில்ல. இந்த வாரம் பூரா இந்தப் பக்கம்தான் வேலை. மத்தியானம் இங்க வந்து சாப்பிடலாமா? நாங்க கட்டிக்கிட்டு வரோம். மாமரத்து நெழல் மட்டும் குடுங்க."

கட்டுச்சோற்றை அவர்கள் சாப்பிட விடவில்லை. முதல் நாளே களியும் கீரைக் குழம்பும் வந்துவிட்டது. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று திம்மராயன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மென்றதைப் பார்த்து முனியம்மா சிரித்தார். சிரித்த மறுநிமிஷம் முகம் மாறியது. "எம்புள்ள இருந்தா உங்களக் கேலி பண்ணியே சாவடிச்சிருப்பான்" என்றார்.

மகன் பெயர் மாதேஷ். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. பெரும்பாலும் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் ஊருக்குள் வராது, நெடுஞ்சாலைக்குப் போய் நிற்க வேண்டும். அன்றைக்குத் தங்கைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்தவன் பஸ்ஸை விட்டுவிட்டான். தாமதமாகப் போனால் அன்றைய கூலி போகும், அதைவிட சூப்பர்வைசர் வாயில் விழவேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சூளகிரி மேம்பாலத்துக்கு முன்னால் நின்றிருந்த லாரி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. முனியம்மா இதை அழாமல்தான் சொன்னார். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது போலிருந்தது. அதைக் கேட்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாரத்தின் கடைசி நாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தோம். முனியம்மா நேராகச் சாரைக் கேட்டார்.

"சார், நீங்க போடற ரயிலு ஓசூருக்கு எத்தினி மணிக்குப் போய்ச் சேரும்? மொத ஷிப்டுக்குள்ள சேருமா?"

நான் சாரைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியாதம்மா" என்றார். "டைம் போடறது வேற ஆபீஸ். நான் பாதை மட்டும்தான் அளக்கறேன்."

"அப்ப அவங்களக் கேட்டு வந்து சொல்லுங்க. பொழுது ஏறின பொறவு ஆபீசருங்கள ஏத்திக்கினு போற ரயிலா இருந்தா எனக்கு வேணாம். மொத ஷிப்டுக்குப் போய்ச் சேருதுன்னா சொல்லுங்க. எம்புள்ளய நானே எழுப்பி, இந்தக் கொல்லையிலயே வேற பக்கம் படுக்க வெக்கறேன். நாலு பேரு பெத்ததாவது ஊடு திரும்பட்டும். மொத ஷிப்டுக்குப் போவாத ரயிலுக்கோசரம் அவன நான் எழுப்ப மாட்டேன்."

திம்மராயன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்த இடத்தை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று சார் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் இரண்டு கோடுகளையும் வரையச் சொன்னார், மேட்டின் மேல் போவதையும் தெற்கே விலகுவதையும். அதோடு, ஓசூர் முதல் ஷிப்டுக்கு முன் போய்ச் சேரும் தொழிலாளர் ரயில் ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பாதையைப் புதுப்பிப்பதில் பொருள் இல்லை என்றும் சேர்த்தார். நேர அட்டவணை சர்வே பிரிவின் வேலை அல்ல என்று பதில் வந்தது. அடுத்த அறிக்கையிலும் அதையே எழுதினார். அவர் ஓய்வு பெறும் வரை எழுதினார். நானும் ஓய்வு பெறும் வரை எழுதினேன். அவர் இப்போது இல்லை. அந்தத் தொப்பியை ஆபீசில் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நான் எடுத்து வந்திருக்கலாம்.

லைன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒருவர் செலவு என்பார், ஒருவர் வருமானம் போதாது என்பார், இன்னொருவர் கோப்பு மேலே இருக்கிறது என்பார். எந்தக் காலத்திலும் யாரும் ஒரு சமாதியைக் காரணமாகச் சொன்னதில்லை. மேலே இருந்தவர்கள் அந்தப் பக்கம் வரை படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

சொன்னபடி நிவேதிதா கார் அனுப்பினாள். அவளும் நானும் ட்ரோன் பெட்டியோடு போய் இறங்கினோம். வழி நெடுக ரயில் மேட்டில் உண்ணிச்செடியும் கருவேலமும் மண்டிக் கிடந்தன. மேடு இருப்பதே தெரியவில்லை. திம்மராயன் கொல்லைக்குப் பக்கத்தில் வந்ததும் எனக்குத் திக்கென்றது. குன்றை ஒட்டி மேடு பளிச்சென்று நீளமாகத் தெரிந்தது. ஒரு முள்செடி இல்லை. வாசல் மாதிரி கூட்டியிருந்தது. சமாதியையும் காணோம்.

முனியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை முழுக்க வெளுத்திருந்தது. "களிய மென்னு தின்ன மேடம்தானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார். வீட்டை ஒட்டிய கடைசி மாமரத்தடியில், புதிதாகப் பூசின சின்னச் சமாதி. திம்மராயன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார்.

"யாரும்மா வந்து எடுக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் வரல. டவுனு பஸ்ஸுல ரெண்டு பேரு பேசிக்கினு வந்தாங்க. ரயில் மேட்ட புடிச்சு வெச்சிக்கினு இருக்கறவங்க எந்திரிக்க மாட்டேங்கறாங்களாம், அதனாலதான் கிருஷ்ணகிரிக்கு ரயிலே வரலியாம். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ஊர்ல இத்தினி புள்ளைங்க இருட்டுல ஓடுதுங்க, எம்புள்ள ஒருத்தன் குறுக்கப் படுத்துக்கினு இருக்கறானான்னு."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. யாரோ முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸில் பொழுது போகாமல் பேசிய பேச்சு அது.

"இவரு ஒரு வாரம் எங்கிட்டப் பேசல" என்று கணவரைக் காட்டினார். "அப்புறம் இவரே கடப்பாறைய எடுத்தாரு. பிடிமண்ணு எடுத்து மஞ்சத்துணியில கட்டி, இங்க கொண்டாந்து வெச்சோம். ஐயரு, பூசாரி யாரையும் கூப்புடல. சத்யாதான் வெளக்கு ஏத்துனா. மேட்ட நாங்களே செதுக்கி வுட்டோம், நீங்க வந்தா கண்ணுக்குத் தெரியட்டும்னு. மாசத்துக்கொருக்கா கூட்டறேன்."

நிவேதிதா பெட்டியைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். நான் பேச வாயெடுத்தேன். உங்களால் எதுவும் நிற்கவில்லை அம்மா, அவன் பாட்டுக்குப் படுத்திருந்திருக்கலாம், எங்கள் ஆபீசில் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த இரண்டு பேரும் கடப்பாறை எடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். என்னால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முனியம்மாதான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"எதுக்கு மேடம் அழுவறீங்க? எம்புள்ள எந்திரிச்சு வழி வுட்டுட்டான். இனிமே நீங்கதான் வரணும்."

"அளக்கத்தாம்மா வந்திருக்கோம்" என்றேன்.

"அளங்க, அளங்க. சீக்கிரம் அளங்க" என்றார் முனியம்மா. "சத்யா இப்ப ஓசூர்லதான் வேலைக்குப் போறா. மொத ஷிப்டு. இருட்டுலதான் கெளம்பறா."